லினக்ஸ் ஆன் ஆகும்போதும் ஆஃப் ஆகும்போதும் நம் ஸ்கிரிப்டை ஓடவைப்பது

பழைய வழிகாட்டிகளில் ரன்லெவல் (கணினி எந்த நிலையில் இயங்குகிறது என்பதற்கான எண்) 3, 5 என்றும், பூட் ஆகும்போது ஓடும் ஆர்சி.லோக்கல் கோப்பில் ஒரு வரி சேர்க்கச் சொல்லியும் இருக்கும். இப்போது அவ்வளவு தூரம் போக வேண்டாம். ஃபெடோரா 2011-லும் டெபியன், உபுண்டு இரண்டும் 2015-லும், சர்வீஸ்களைத் தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்டி என்ற மென்பொருளுக்கு மாறிவிட்டன. அதில் ஒரே ஒரு சர்வீஸ் கோப்பு போதும். தொடக்க வேலை, நிறுத்த வேலை இரண்டையும் அதுவே பார்த்துக்கொள்ளும்.

கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கில எழுத்தில் தட்டச்சுங்கள்.

முதலில் ஸ்டார்ட்.எஸ்எச், ஸ்டாப்.எஸ்எச் என இரண்டு ஸ்கிரிப்டுகளை எழுதி /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின் ஃபோல்டரில் வையுங்கள். இரண்டிலும் முதல் வரி #!/பின்/பாஷ் என்று இருக்கட்டும். அப்புறம் சிஎச்மாட் +எக்ஸ் கொடுத்து இயங்கும் அனுமதி தர வேண்டும். இதில் ஒன்று விட்டுப்போனாலும் 203 என்ற எண்ணோடு பிழை வரும்.

அடுத்து /எட்சி/சிஸ்டம்டி/சிஸ்டம் ஃபோல்டரில் மைஜாப்.சர்வீஸ் என்ற கோப்பு:

[யூனிட்]
ஆஃப்டர்=நெட்வொர்க்.டார்கெட்

[சர்வீஸ்]
டைப்=ஒன்ஷாட்
ரிமெய்ன்ஆஃப்டர்எக்ஸிட்=யெஸ்
எக்ஸெக்ஸ்டார்ட்=/யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்/ஸ்டார்ட்.எஸ்எச்
எக்ஸெக்ஸ்டாப்=/யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்/ஸ்டாப்.எஸ்எச்

[இன்ஸ்டால்]
வாண்டட்பை=மல்ட்டி-யூசர்.டார்கெட்

இதில் உயிர்நாடி ரிமெய்ன்ஆஃப்டர்எக்ஸிட் வரிதான். அது இல்லையென்றால், ஸ்டார்ட் ஸ்கிரிப்ட் முடிந்ததுமே சர்வீஸும் முடிந்துவிட்டது என்று சிஸ்டம்டி கணக்குப் போட்டு, ஸ்டாப் ஸ்கிரிப்டை அப்போதே ஓட்டிவிடும். இருந்தால், சர்வீஸ் உயிரோடு இருப்பதாகவே வைத்துக்கொண்டு, ஷட்டவுன் வரும்போது ஸ்டாப்பைக் கூப்பிடும்.

ஆஃப்டர் வரியும் கவனிக்க வேண்டியது. நிறுத்தும் வரிசை, தொடங்கிய வரிசைக்கு நேர் தலைகீழ். நெட்வொர்க்குக்குப் பிறகு தொடங்கிய சர்வீஸ், நெட்வொர்க் அணைவதற்கு முன்பே நிறுத்தப்படும். ஆகவே ஸ்டாப் ஸ்கிரிப்ட் வேறொரு கணினிக்குக் கோப்பு அனுப்பினாலும் இணைப்பு இருக்கும்போதே அனுப்பிவிடலாம். ஆனால் ஸ்டார்ட் ஸ்கிரிப்டுக்கு இணைப்பு உண்மையிலேயே வேலை செய்ய வேண்டுமென்றால் இது போதாது, நெட்வொர்க்-ஆன்லைன்.டார்கெட் என்பதை ஆஃப்டர், வாண்ட்ஸ் இரண்டிலும் போடுங்கள்.

சரி, இனி இயக்கலாம்:

சூடோ சிஸ்டம்சிடிஎல் டேமன்-ரீலோட்
சூடோ சிஸ்டம்சிடிஎல் எனேபிள் --நவ் மைஜாப்

கோப்பைத் திருத்தும்போதெல்லாம் முதல் கட்டளை அவசியம். இரண்டாவதில் --நவ் இல்லாவிட்டால் அடுத்த பூட்டில்தான் சர்வீஸ் தொடங்கும். தொடங்காத சர்வீஸுக்கு ஸ்டாப்பும் ஓடாது.

ரீபூட் செய்து பார்ப்பதற்கு முன், சிஸ்டம்சிடிஎல் ஸ்டாப் மைஜாப் என்று கையாலேயே நிறுத்திப் பாருங்கள். என்ன நடந்தது என்பதை ஜர்னல்சிடிஎல் -யூ மைஜாப் காட்டும். ஷட்டவுனில் நடந்ததைப் பார்க்க, அதோடு -பி -1 சேர்த்தால் முந்தைய பூட்டின் பதிவு வரும். ஒன்றுமே வரவில்லையா? பதிவுகள் ரேமில் மட்டும் சேமிக்கப்படுகின்றன போலும். /வார்/லாக்/ஜர்னல் என்ற ஃபோல்டரை உருவாக்கி ரீபூட் செய்தால், அதிலிருந்து நிரந்தரமாகச் சேரும்.

ஸ்டாப் ஸ்கிரிப்டுக்குப் பொதுவாக 90 விநாடிதான் அவகாசம். சில டிஸ்ட்ரோக்கள் (ஃபெடோரா, உபுண்டு போன்ற லினக்ஸ் வகைகள்) அதையும் குறைத்திருக்கின்றன. தாண்டினால் வலுக்கட்டாயமாகக் கொன்றுவிடும். கூடுதல் நேரம் வேண்டுமென்றால் சர்வீஸ் பகுதியில் டைம்அவுட்ஸ்டாப்செக்=180 என்று கொடுங்கள். ஒன்ஷாட்டில், அதாவது ஒருமுறை ஓடி முடியும் இந்த வகை சர்வீஸில், தொடக்கத்துக்கு அப்படி வரம்பே கிடையாது. ஸ்டார்ட் ஸ்கிரிப்ட் எங்காவது மாட்டிக்கொண்டால் காத்துக்கொண்டே இருக்கும், அதனால் டைம்அவுட்ஸ்டார்ட்செக்=60 என்றும் ஒரு வரி போட்டுவிடுவது நல்லது.

வேண்டாம் என்றால் சூடோ சிஸ்டம்சிடிஎல் டிசேபிள் --நவ் மைஜாப். போகிற போக்கில் ஸ்டாப் ஸ்கிரிப்டையும் ஒருமுறை ஓட்டிவிட்டுத்தான் அது போகும்.