புது நாயோடு மூக்கு வழியாகப் பழகுவது எப்படி?

பினாங்கில் குட்டி எடுத்து வந்தவர்கள் பலர், முதல் நாளே "வா, உட்காரு" என்று வாய் ஓயாமல் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். அதுவோ முதலில் நம்மை மோந்துதான் தெரிந்துகொள்ளும். சில இன நாய்களுக்கு வாசனை உணரும் செல்கள் 20 கோடிக்கும் மேல்.

படி 1: குட்டி வருவதற்கு முன்பே வீட்டு வாசனையைக் குறையுங்கள். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடலாம், தப்பில்லை. படுக்கை மட்டும் சாமி மேடைக்கு எட்டத்தில் இருக்கட்டும். கொசுவத்திச் சுருளும் அப்படித்தான். கோடாலித் தைலம் தேய்த்த கையோடு தூக்காதீர்கள்.

படி 2: ஒரு நாள் முழுக்கப் போட்ட டி-சட்டையைத் துவைக்காமல் படுக்கையில் விரியுங்கள். அமெரிக்காவின் எமோரி பல்கலைக்கழகத்தில் கிரகரி பெர்ன்ஸ் குழுவினர் 12 நாய்களை எம்.ஆர்.ஐ. கருவியில் படுக்கவைத்துப் பல வாசனைகளைக் காட்டினார்கள். பழகிய மனிதரின் வாசனைக்குத்தான் மூளையில் நல்லதை எதிர்பார்க்கும் பகுதி அதிகமாக வேலை செய்தது. அந்த மனிதர் பக்கத்தில்கூட இல்லை.

படி 3: இதில்தான் அவசரம் கூடவே கூடாது. கையை மூக்குக்கு நேராக நீட்டுவது பழைய பழக்கம்; எனக்கு அதில் உடன்பாடில்லை. நீங்கள் நிற்கும் இடத்திலிருந்தே வாசனை அதற்குப் போய்ச் சேர்ந்துவிடும், கை வந்தால் மிரளத்தான் செய்யும். பக்கவாட்டில் திரும்பிக் குந்துங்கள், கையைத் தொடைமேல் வையுங்கள், முறைத்துப் பார்க்காதீர்கள். அதுவாக வரட்டும். வந்ததும் மூக்கைக் கவனியுங்கள்: இரண்டு பக்கமும் சின்னப் பிளவு தெரியும். வெளிவிடும் மூச்சு அந்த வழியாகப் பக்கவாட்டில் போய்விடுவதால் முன்னால் இருக்கும் வாசனை கலைவதில்லை. பாதம், முட்டி, பிறகு இடுப்புக்குக் கீழே என்று மோந்துகொண்டே போகும். மாமியார் வந்திருக்கும்போது சங்கடம்தான், ஆனால் அதட்டாதீர்கள். வியர்வை வாசம் அங்கேதான் அதிகம்.

படி 4: மனசு சரியில்லாத நாளில் புதுப் பயிற்சி வேண்டாம். பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகம் 2022இல் வெளியிட்ட ஆய்வில் 36 பேருக்குக் கடினமான மனக்கணக்கு கொடுத்து, முன்னும் பின்னும் வியர்வையும் மூச்சும் எடுத்தார்கள். பதற்றத்தில் எடுத்தது எது என்று 4 நாய்கள் பெரும்பாலும் சரியாகவே கண்டுபிடித்தன. குரலைக் குழைத்து மறைக்கலாம் என்று நினைக்காதீர்கள்.

படி 5: தார்ச்சாலை சுடுவதற்கு முன், காலையிலேயே வெளியே கூட்டிப் போங்கள். விளக்குக் கம்பத்தில் நின்றால் இழுக்காதீர்கள். அங்கே போன நாய் ஆணா பெண்ணா, பருவத்தில் இருக்கிறதா என்று சிறுநீரே சொல்லிவிடும். ஒரே ஒரு இடத்தில் மட்டும் கயிற்றைக் குட்டையாகப் பிடியுங்கள்: பக்கத்து மலாய்க்காரர் வீட்டு வாசலில் கழற்றி வைத்த செருப்புகள். நாய்க்கு அதைவிட ருசியான வாசனை இந்தத் தாமானில் (குடியிருப்பில்) கிடையாது. நாய் எச்சில் பட்டால், முஸ்லிம்களான அவர்கள்தான் பாவம், மார்க்க முறைப்படி கழுவிச் சுத்தம் செய்ய வேண்டும். அந்த வாசலைத் தாண்டியதும் கயிற்றைத் தளர்த்திவிடுங்கள்.