பிரான்சில் நெஞ்சு வலித்தால் 'இதயம்' என்று சொல்லாதீர்கள்

பிரெஞ்சில் 'மால்' என்றால் வலி, 'கேர்' என்றால் இதயம். அப்படியானால் 'ஜெ மால் ஓ கேர்' என்பது நெஞ்சு வலிதானே என்று தோன்றும். இல்லை. குமட்டுகிறது, வாந்தி வருகிற மாதிரி இருக்கிறது என்பதுதான் அதற்குப் பொருள். மலைப்பாதையில் பஸ் வளைந்து வளைந்து போகும்போது பின் சீட்டுப் பிள்ளை சொல்கிற வார்த்தை அது. மாரடைப்பு வந்தவர் ஃபோனில் இதைச் சொன்னால், வயிற்றுக் கோளாறு என்றே எதிர்முனையில் நினைக்கக்கூடும். நெஞ்சு வலிக்கு 'ஜெ மால் ஆ லா ப்வாத்ரீன்' என்று சொல்ல வேண்டும். வேறு எது மறந்தாலும் பரவாயில்லை, இதை மட்டும் வாய்விட்டு நாலு தடவை சொல்லிப் பழகுங்கள்.

இதற்கு நேர்மாறான குழப்பமும் உண்டு. டாக்டர் தொண்டையைப் பார்த்துவிட்டு 'ஆன்ஜீன்' என்பார். 'ஆஞ்சைனா', அதாவது இதய நோயால் வரும் நெஞ்சு வலி என்று காதில் விழுந்து நமக்கு வியர்த்துவிடும். அவர் சொன்னது வெறும் தொண்டை அழற்சி. இதய நோய் என்றால் 'ஆன்ஜீன் த ப்வாத்ரீன்' என்று முழுதாகச் சொல்லியிருப்பார்.

அப்புறம், ஒவ்வாமை. உணவில் சேர்க்கும் பதப்படுத்தும் பொருள் ஒத்துக்காது என்று சொல்ல, ஆங்கில வார்த்தையையே இழுத்து 'ப்ரெசெர்வாதீஃப்' என்றால் அது ஆணுறை! சரியான சொல் 'கோன்செர்வாதேர்'. வேர்க்கடலைக்கு இரண்டு பெயர் என்பதையும் கவனியுங்கள்: பேச்சில் 'காகாவெத்', பொட்டலத்தில் பெரும்பாலும் 'அராஷீத்'. ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு போவது ஆபத்து.

பதற்றத்தில் விரல் தானாக 108-க்குப் போகும். அங்கே மருத்துவ அவசரத்துக்கு 15, தீயணைப்புப் படைக்கு 18. ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க 112. எடுத்ததும் நோயை விவரிக்க ஆரம்பிக்காதீர்கள். லைன் அறுந்தாலும் வண்டி வந்து சேர, முதலில் இடத்தைச் சொல்லுங்கள். பாரிஸ் என்றால் 20 வட்டாரங்களில் எது என்றும் சேர்த்து. ஃபோன் நம்பரை அவர்களைப் போல இரண்டிரண்டு இலக்கமாகச் சொல்லப் பார்க்க வேண்டாம். 70 அவர்களுக்கு 'அறுபது-பத்து', 90 'நாலு-இருபது-பத்து'. ஒவ்வோர் இலக்கமாகச் சொன்னாலே புரியும். 'ந ராக்ரோஷே பா' என்று கேட்டால் ஃபோனை வைக்காதீர்கள் என்று அர்த்தம்.

சாதாரணக் காய்ச்சல் என்றால் பச்சைச் சிலுவை விளக்குள்ள மருந்துக்கடை போதும். ராத்திரி பூட்டியிருந்தாலும் திரும்பிவிடாதீர்கள். 'ஃபார்மசி த கார்த்', அதாவது அன்றைய இரவுக் கடை எது என்று கதவிலேயே ஒட்டியிருப்பார்கள்.