பக்கத்து வீட்டுப் பாட்டிக்காக மனு எழுதப் போகிறீர்களா?

பெற்ற பிள்ளைகள் எட்டிப் பார்க்காத ஒரு பாட்டியைப் பார்த்ததும், "ஏதாவது முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடலாம்" என்று நாமே முடிவுகட்டிவிடுகிறோம். எனக்குத் தெரிந்து முதல் தவறே இதுதான். அவருக்கு வேண்டியது மாத்திரைக் காசாக இருக்கலாம், மகன் வாங்கி வைத்துக்கொண்ட பாஸ்புக்காகவும் இருக்கலாம். வீட்டில் ஆளில்லாத நேரமாகப் பார்த்து அவரிடமே கேளுங்கள். அடி, பட்டினி என்று தெரிந்தால் மனுவெல்லாம் அப்புறம். முதலில் போலீஸ், அல்லது முதியோர் உதவி எண் 14567.

பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-இல் வந்தது. 60 வயது நிரம்பியவர் தன் பிள்ளைகளிடம் மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை கேட்டு மனு கொடுக்கலாம். வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்பதில்லை. தமிழ்நாட்டில் இதை விசாரிப்பவர் ஆர்.டி.ஓ. சிலர் நேராக லைசென்ஸ் எடுக்கும் ஆபீஸுக்குப் போய் நிற்கிறார்கள். அவர் வேறு, இவர் வருவாய்க் கோட்டாட்சியர். வழி தெரியாவிட்டால் மாவட்ட சமூக நல அலுவலகத்தில் கேளுங்கள்.

நல்ல மனதோடு நம் பெயரிலேயே மனு கொடுப்பதும் சிக்கல்தான். அவரால் முடியாதபோது, அவர் சம்மதித்து அனுப்பிய ஆளாகத்தான் நாம் போகமுடியும். கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிக்கொள்ளுங்கள்.

"பிள்ளைகள் கவனிப்பதில்லை" என்ற ஒற்றை வரியை வைத்துக்கொண்டு அதிகாரி என்ன செய்வார்? "மூன்று மாதமாகச் சர்க்கரை மாத்திரை இல்லை, ஏ.டி.எம். கார்டு சின்னவனிடம் இருக்கிறது, அவன் முகவரி இது" என்று எழுதினால் அவருக்குப் பிடி கிடைக்கும். கூட இருக்கும் மகனை மட்டும் எழுதிவிட்டு, "கட்டிக்கொடுத்த பெண்ணை எதுக்கு இழுக்கணும்" என்று மகளை விட்டுவிடுவார்கள். சட்டத்தில் மகளுக்கும் பொறுப்பு உண்டு, 18 வயது நிரம்பிய பேரப்பிள்ளைகளுக்கும் உண்டு. பிள்ளையே இல்லாதவர் என்றால், அவர் சொத்தை வைத்திருக்கும் அல்லது அடையப்போகும் வாரிசு உறவினரிடம் கேட்கலாம்.

வீட்டை எழுதிக்கொடுத்தவர்களின் கதைதான் கொடுமை. "கடைசிவரை பார்த்துக்கொள்ள வேண்டும்" என்ற நிபந்தனை செட்டில்மெண்ட் பத்திரத்தில் இருந்தால் ரத்து கேட்பது எளிது. வாய்ப்பேச்சை நம்பி எழுதியிருந்தால் இழுபறிதான். இன்னும் எழுதாதவரிடம் இதை இன்றே சொல்லுங்கள்.

மனு கொடுத்ததும் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் சேர்ந்த நாளிலிருந்து 90 நாளில் முடிக்க வேண்டும், தேவைப்பட்டால் ஒருமுறை 30 நாள் நீட்டிக்கலாம். சீட்டு கையில் இருந்தால்தான் அடுத்த முறை போய், "என்னங்க ஆச்சு?" என்று கேட்க முடியும்.