கலர் பென்சிலோடு கேட்ஸ்பி படிப்பது எப்படி

அமெரிக்க எழுத்தாளர் ஃபிட்ஸ்ஜெரால்ட் 1925இல் வெளியிட்ட 'தி கிரேட் கேட்ஸ்பி' நாவலின் வண்ணங்களைப் பற்றி எழுதச் சொன்னால், என்னிடம் படிக்க வரும் பி.ஏ. பிள்ளைகள் ஒரு பட்டியலை நீட்டுவார்கள். பச்சை நம்பிக்கை, வெள்ளை தூய்மை, மஞ்சள் பணம். அந்தப் பட்டியலை ஒரு வாரம் மூடி வையுங்கள் என்பேன்.

பச்சை, மஞ்சள், நீலம் என மூன்று கலர் பென்சில்கள், வெள்ளைக்கும் சாம்பலுக்கும் ஒரு சாதாரணப் பென்சில் போதும். முதல் தடவை கதையை மட்டும் படியுங்கள். மொத்தமே 9 அத்தியாயங்கள்தான். இரண்டாம் தடவை வண்ணச் சொல் வரும் இடமெல்லாம் கோடு போடுங்கள். பக்கத்தில் அர்த்தம் எழுதாதீர்கள். யார் பார்க்கிறார், எவ்வளவு தூரத்திலிருந்து பார்க்கிறார் என்று மட்டும் குறியுங்கள்.

தூரத்தை ஏன் குறிக்கச் சொல்கிறேன் என்பது பச்சை விளக்கில் புரியும். முதல் அத்தியாய முடிவில் கதாநாயகன் கேட்ஸ்பி இருட்டில் தண்ணீரை நோக்கிக் கைகளை நீட்டி நிற்கிறான். கதை சொல்லும் நிக் அந்தத் திசையில் பார்த்தால், வெகு தொலைவில் சின்னதாக ஒரு பச்சை விளக்கு. ஐந்தாம் அத்தியாயத்தில், அவன் முன்பு காதலித்து இழந்த, இப்போது டாமின் மனைவியாக இருக்கும் டெய்சி அவன் பக்கத்திலேயே நிற்கிறாள். வளைகுடாவை மூடுபனி மறைத்திருக்கிறது. உன் வீட்டுப் படகுத்துறை முனையில் இரவெல்லாம் ஒரு பச்சை விளக்கு எரியுமே என்கிறான். சொன்ன பிறகு அவனுக்கே அது வெறும் விளக்காகிவிடுகிறது. அவன் ஏங்கிய பொருள்களில் ஒன்று குறைந்துபோனது என்று நிக் எழுதும்போது எனக்கு இன்றும் மனசு கனத்துவிடும். 'பச்சை = நம்பிக்கை' என்று எழுதும் விடைத்தாளில் இந்த வலிக்கு இடமே இல்லை.

அப்புறம் ஒரே பொருளில் இரண்டு நிறங்கள் சேரும் இடங்களைத் தேடுங்கள். டெய்சி பூவுக்கு இதழ் வெள்ளை, நடுவில் மஞ்சள். வெள்ளை உடையில் அறிமுகமாகும் டெய்சியின் குரலில் பணம் நிறைந்திருக்கிறது என்று கேட்ஸ்பியே பின்னால் சொல்கிறான். அவளை மறுபடி சந்திக்கும் நாளில் அவன் போட்டுக்கொள்வது வெள்ளை சூட், வெள்ளி நிறச் சட்டை, தங்க நிற டை. அவள் நிறங்களையே உடுத்திக்கொண்டு வருகிறான்!

கேட்ஸ்பியின் காரையும் விடாதீர்கள். நிக் முதலில் வர்ணிக்கும்போது அது க்ரீம் நிறம், உள்ளே பச்சைத் தோல். டாமின் கள்ளக்காதலி மர்ட்டில் அதில் அடிபட்டுச் செத்த பிறகு எல்லோருக்கும் அது மஞ்சள் கார். ஆனால் விபத்தைப் பார்த்த மிக்கேலிஸ் முதல் போலீஸ்காரரிடம் வெளிர்பச்சை என்றுதான் சொல்கிறான். ஓட்டியவள் டெய்சி. கேட்ஸ்பியின் ஏக்கமும் பணமும் அந்த இருட்டில் ஒரே வண்டியாகத் தெரிந்திருக்கின்றன. கட்டுரையை இந்த வரியிலிருந்து தொடங்கலாம்.

சாம்பல் மேட்டைப் பார்த்தபடி நிற்கும் எக்கிள்பர்க் என்ற கண் மருத்துவரின் விளம்பரப் பலகையில் உள்ள நீலக் கண்களும் மஞ்சள் கண்ணாடியும் எல்லோரும் எழுதுவதுதான். சுருக்கமாகச் சொல்லிவிட்டு நகருங்கள். டாம் ஏளனம் செய்யும் இளஞ்சிவப்பு சூட் எந்தப் பென்சிலிலும் அடங்காது. அதை அப்படியே விடுங்கள்.

சரி, பழகிப் பார்க்க ஒரு காட்சி. ஐந்தாம் அத்தியாயத்தில் கேட்ஸ்பி தன் சட்டைகளை மேசையில் குவிக்கிறான். டெய்சி அவற்றில் முகம் புதைத்து அழுகிறாள். அந்தக் குவியலில் ஆப்பிள் பச்சையும் உண்டு. எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இருக்கிறது. பச்சை விளக்கைப் பற்றி அவன் சொல்லும் வரி வருவது அதற்குச் சில பத்திகள் கழித்துத்தான். இரண்டுக்கும் ஒரே பென்சிலால் கோடு போட்டுவிட்டு, நடுவில் இருப்பதை மெதுவாகப் படியுங்கள்.