படமே இல்லாத ஒன்லைன் கேம்: மட் ஆடத் தொடங்குவது எப்படி?

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு மட்டக்களப்பில் முடிவுக்காகக் காத்திருக்கும் தம்பி தங்கைகள், வீட்டிலுள்ள பழைய லப்டொப்பில் என்ன கேம் ஓடும் என்று கேட்பதுண்டு. மட் (MUD) என்ற எழுத்து விளையாட்டு ஓடும். கிராபிக்ஸ் கார்ட் தேவையில்லை, ரீலோட் போட்ட டேட்டாவும் கரையாது. திரையில் எழுத்து வரும், நீங்கள் கட்டளை தட்டுவீர்கள், அதற்குப் பதில் வரும். பல நாட்டு ஆட்கள் அதே நேரத்தில் உள்ளே நடமாடிக்கொண்டிருப்பார்கள்.

1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ரோய் ட்ரப்ஷோ என்ற மாணவர் தொடங்கி, ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்தெடுத்த விளையாட்டு இது. இன்று படத்தோடு வரும் பெரிய ரோல்பிளே (ஒரு பாத்திரமாக நடித்து ஆடும்) கேம்களுக்கெல்லாம் மூதாதை. சரி, வரலாறு போதும்.

படி 1: மட்லெட்டை நிறுவுங்கள்

மட்லெட் என்பது மட்களோடு இணைந்து ஆட உதவும் இலவச மென்பொருள். விண்டோஸ், மெக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். திறந்தவுடன் சில விளையாட்டுகளின் பட்டியல் வரும், ஒன்றைத் தெரிவுசெய்து கனெக்ட்டை அழுத்தினால் சரி. போனிலும் ஆடலாம்தான், ஆனால் தொடக்கத்தில் வேண்டாம் என்பேன். ஓட்டோகரெக்ட் உங்கள் கட்டளையை வேறு சொல்லாக்கிவிடும், அதற்குள் எதிரி இரண்டு அடி போட்டுவிடுவான்.

படி 2: எந்த மட்?

நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. புதியவர்களுக்கு இரண்டைச் சொல்கிறேன். 1996இல் தொடங்கிய ஆர்ட்வூல்ஃபில் புதியவர்களுக்கென்றே ஒரு பயிற்சிக்கூடம் உண்டு. அடிதடி அதிகம், பாத்திரமாகப் பேசவேண்டும் என்ற கட்டாயம் குறைவு. 1997இல் வந்த அக்கேயாவில் நகரங்கள், அரசியல், கடவுளர் என்று ரோல்பிளே ஆழமாகப் போகும். இலவசமாக ஆடலாம், ஆனால் கேமுக்குள் செலவழிக்கும் கிரெடிட்டைக் காசுக்கு விற்பார்கள். அந்தப் பக்கம் போகாமலே நெடுநாள் ஆடமுடியும். முதலில் ஆர்ட்வூல்ஃபில் கை பழகிவிட்டு அக்கேயாவுக்குப் போவதுதான் நல்லது.

படி 3: பாத்திரத்தை உருவாக்குங்கள்

பெயர், இனம், தொழில் என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். பெயரில் இலக்கமும் நடிகர் பெயரும் வேண்டாம், ரோல்பிளே மட்களில் மாற்றச் சொல்வார்கள். பாஸ்வேர்ட் விடயத்தில் மட்டும் கவனம். பல மட்கள் இன்னும் பழைய டெல்நெட் முறையில்தான் இணைகின்றன, அதில் பாஸ்வேர்ட் மறைகுறியாக்கம் இல்லாமல் அப்படியே போகும். பேஸ்புக்குக்கும் மின்னஞ்சலுக்கும் வைத்திருப்பதை இங்கே கொடுக்காதீர்கள்.

படி 4: பாருங்கள், நடங்கள்

உள்ளே போனதும் இப்படி ஏதாவது வரும் (ஆங்கிலத்தில் வருவதைத் தமிழில் தருகிறேன்):

சந்தைச் சதுக்கம்
கல் பதித்த தரை மழையில் நனைந்திருக்கிறது. வடக்கே வெதுப்பகத்திலிருந்து பாண் வாசம் வருகிறது. நடுவில் ஒரு பழைய கிணறு.
கிழட்டு நாய் ஒன்று இங்கே படுத்திருக்கிறது.
வழிகள்: வடக்கு, கிழக்கு

புதியவர்கள் கடைசி வரியை மட்டும் பார்த்துவிட்டு ஓடுவார்கள். இடத்தின் விவரிப்பைப் படியுங்கள். கிணறு என்று இருக்கிறதா? லுக் என்று தட்டி, பக்கத்தில் கிணற்றுக்கான ஆங்கிலச் சொல்லையும் தட்டுங்கள். உள்ளே கயிறு தொங்குகிறது என்று வரலாம், கயிறு இருந்தால் இறங்க வழியும் இருக்கலாம். வடக்கே போனால் சாப்பாடு வாங்கலாம் என்பதைப் பாண் வாசமே சொல்லிவிட்டது.

நடப்பதற்குத் திசையின் ஆங்கில முதலெழுத்து போதும். மேலே ஏற யூ, கீழே இறங்க டி. கையில் இருப்பதைப் பார்க்க ஐ, உங்கள் நிலையை அறிய ஸ்கோர், எதிலும் சிக்கினால் ஹெல்ப். மட்லெட்டில் வரைபட வசதி இருந்தாலும், ஒரு சதுரக் கோட்டுக் கொப்பியில் நீங்களே வரைந்து பாருங்கள், வழி மனதில் நிற்கும். சில காடுகளில் வடக்கே போய்த் தெற்கே திரும்பினால் பழைய இடத்துக்கு வரமாட்டீர்கள், வேண்டுமென்றே அப்படிச் செய்துவைத்திருக்கிறார்கள்.

முதல் நாள் சண்டை வேண்டாம். நடந்து பழகினால் போதும்.

படி 5: ஆட்களோடு பேசுங்கள்

ஹூ என்று தட்டினால் உள்ளே இருப்பவர்களின் பட்டியல் வரும். சே (say) போட்டுச் சொல்வது நீங்கள் நிற்கும் இடத்தில் உள்ளவர்களுக்கு மட்டும் கேட்கும். டெல் (tell) போட்டால் ஒருவருக்கு மட்டும் போகும். நியூபி சனல் புதியவர்கள் கேள்வி கேட்கவே உள்ளது, கூச்சப்படாமல் கேளுங்கள். பல மட்களில் தமிழ் எழுத்து வேலை செய்யாது, ஆங்கிலம்தான். இலக்கணம் பிழைத்தால் ஒருவரும் சிரிக்கமாட்டார்கள், அங்கே வருபவர்களில் பலருக்கு ஆங்கிலம் தாய்மொழி அல்ல. பார்வையற்றவர்களும் திரையை வாசித்துக் காட்டும் மென்பொருளோடு இங்கே நிறைய ஆடுகிறார்கள், ஆகவே சனலில் குறிகளால் படம் வரைந்து போடாதீர்கள்.

ஆட்கள் கூடும் நேரம் நமக்குக் கொஞ்சம் வசதியில்லாதது. அமெரிக்கக் கிழக்குக் கரையில் இரவு எட்டு மணி என்றால் நமக்கு அதிகாலை ஐந்தரை, அல்லது ஆறரை. ஞாயிறு காலை சரிவரும்.

படி 6: வேடத்தில் நில்லுங்கள்

வடமோடிக் கூத்தில் அருச்சுனன் வேடம் கட்டியவர் களரியில் நின்றுகொண்டு நேற்றைய கிரிக்கெட் ஸ்கோர் சொன்னால் அண்ணாவியார் விடுவாரா? ரோல்பிளே மட்களிலும் அப்படித்தான். நீங்கள் ஒரு மந்திரவாதி என்றால் கரண்ட் கட், வட்ஸ்அப் பேச்செல்லாம் வேடத்துக்கு வெளியே உள்ள பேச்சு. அதற்கென்று பல மட்களில் தனி சனல் உண்டு.

ஈமோட் கட்டளையால் செயலை எழுதலாம். "வாளை உறையிலிருந்து பாதி இழுக்கிறான்" என்று எழுதுங்கள். "அதைக் கண்டு எதிரி நடுங்குகிறான்" என்று எழுதாதீர்கள். நடுங்குவதா சிரிப்பதா என்பதை எதிரே இருக்கும் ஆள் முடிவு செய்யட்டும். புதியவர்கள் மேல் மற்றவர்கள் எரிச்சல்படுவது பெரும்பாலும் இதற்காகத்தான்.

படி 7: வெளியே வரும் முறை

ஜன்னலை அப்படியே மூடாதீர்கள். பாதுகாப்பான இடத்துக்கு வந்து குவிட் தட்டுங்கள். இணைப்பு திடீரென்று அறுந்தால் பல மட்களில் உங்கள் பாத்திரம் சிறிது நேரம் அங்கேயே நிற்கும், நடுச்சண்டையில் என்றால் செத்தும் போகலாம். மாரி காலத்தில் இடி முழங்கத் தொடங்கினால் சண்டைக்குப் போகாமல் இருப்பது நல்லது. விம்பி என்ற அமைப்பு உங்கள் மட்டில் இருந்தால் போட்டு வையுங்கள், உயிர் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கியதும் பாத்திரம் தானாகவே ஓடப் பார்க்கும்.