வெட்டிய மரம் துளிர்க்கும் என்று வாழ்த்தாதீர்கள்

பசுமலையில் எங்கள் வீட்டு மாடியில் ஞாயிறுதோறும் சிலர் கூடி, புத்தர் சொன்னவையாகத் தொகுத்த பாட்டுகளான தம்மபதம் படிக்கிறோம். புத்தர் பிறந்த நாளான வைகாசிப் பௌர்ணமிக்கு வாழ்த்து அட்டை எழுதிவரச் சொன்னேன். புதிதாக வந்தவர்களில் மூன்று பேர் ஒரே வரியை எழுதியிருந்தார்கள்: "வெட்டினாலும் மரம் மீண்டும் துளிர்க்கும்." பதினைந்து வருஷத்துக்கு முன்னால் நானும் அதைத்தான் எழுதினேன். எழுத்துப்பிழைகள் படிக்கப் படிக்கச் சரியாகிவிடும். இது அப்படியல்ல. இதுபோல அட்டைகளில் வரும் தவறுகளைச் சொல்கிறேன்.

பாதிப் பாட்டை எடுப்பது

அந்த மர வரி தம்மபதத்தின் 338-ஆம் பாட்டில் வருகிறது. முழுதாகப் படித்தால் பொருள் இதுதான்: வேர் சேதமில்லாமல் இருந்தால் வெட்டிய மரம் திரும்ப வளர்வதுபோல, வேட்கையின் வேர் அறாதவரை துன்பம் திரும்பத் திரும்ப முளைக்கும். துளிர்ப்பது துன்பம். பாட்டு இருக்கும் 24-ஆம் அத்தியாயத்தின் பெயரே 'தண்ஹா', அதாவது வேட்கை.

குடியை விட்டு மறுவாழ்வு மையத்திலிருந்து வீடு திரும்பிய என் சித்தப்பா மகனுக்கு அந்தப் பாதி வரியை எழுதிக் கொடுத்தேன். அவன் கண்ணாடிச் சட்டம் போட்டு நடுவீட்டில் மாட்டினான். சில மாதம் கழித்து புத்தகத்தை அவனே வாங்கிப் படித்துவிட்டுக் கேட்டான்: "அண்ணே, குடி மறுபடி முளைக்கும்னா எனக்கு எழுதிக் குடுத்தீக?" என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ரெண்டு வருஷம் அவன் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. இன்றைக்கும் யாராவது அந்த வரியை ஆசையாக எழுதிக் காட்டினால் எனக்குச் சுள்ளென்று கோபம் வருகிறது.

நம்ம ஊர்க்காரருக்கு இந்தப் பாட்டு புரியாமல் போகக் காரணமே இல்லை. சீமைக் கருவேலத்தை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டு, 2017-ல் கண்மாய் கண்மாயாக வெட்டினோமே. தூரைத் தோண்டாமல் விட்ட இடத்தில் ஒரு மழைக்கே தழைத்துவிட்டது. பாட்டு சொல்வது அந்த மரத்தைத்தான்.

நம்பிக்கை வேண்டுமென்றால் ஒரு பாட்டு முன்னால் போங்கள். 337: வெட்டிவேர் வேண்டுபவன் புல்லைத் தோண்டுவதுபோல வேட்கையின் வேரைத் தோண்டுங்கள். மேலே புல்லை அறுத்துக்கொண்டே இருந்தால் வேர் கைக்கு வராது. குனிந்து தோண்டினால் வரும். தோண்டி எடுக்கக்கூடிய வேர்தான் என்று அடித்துச் சொல்கிறது பாருங்கள், சித்தப்பா மகனுக்கு நான் எழுதிக் கொடுத்திருக்க வேண்டியது இதை.

வனத்தை வெறும் காடாக்குவது

283-ஆம் பாட்டு, "வனத்தை வெட்டுங்கள், மரத்தை அல்ல" என்கிறது. பாலியில் 'வனம்' காட்டையும் குறிக்கும், வேட்கையையும் குறிக்கும். தமிழில் நமக்குக் காடு மட்டும் காதில் விழுவதால், இதை மரம் காக்கும் வாசகமாக எழுதிவிடுகிறோம். புதிதாகத் துறவு பூண்டவர்கள் நிஜமாகவே காட்டை வெட்டக் கிளம்பிவிடக் கூடாதென்றுதான் 'மரத்தை அல்ல' என்று புத்தர் சேர்த்தார் என்கிறது பழைய உரை. அன்றைக்கே இந்தக் குழப்பம் இருந்திருக்கிறது.

'புதுப் பிறவி' என்று வாழ்த்துவது

மதுரைக் கூலவாணிகன் சாத்தனார் மணிமேகலையில் சொல்லிவிட்டார்: "பிறந்தோர் உறுவது பெருகிய துன்பம், பிறவார் உறுவது பெரும்பேரின்பம்." மறுபடி பிறப்பது பௌத்தத்தில் வரம் அல்ல.

செட்டிப்புடவுப் படத்தைப் போடுவது

கீழக்குயில்குடி சமணர் மலையின் செட்டிப்புடவுக் குகையில் அமர்ந்திருப்பவர் புத்தர் அல்ல, சமணரின் தீர்த்தங்கரர். தலைக்கு மேல் முக்குடையை, அதாவது மூன்றடுக்குக் குடையைப் பாருங்கள், அதுதான் அடையாளம்.

எண் இல்லாத வாசகம்

எந்த நூல், எத்தனையாவது பாட்டு என்று தெரியாமல் புத்தர் பெயரைப் போடாதீர்கள்.