துறைமுகம் விரிந்தால் ஸ்கேனிங் வருவாயும் பெருகுமா? மதிப்பீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்புத் துறைமுகத்தின் மேற்கு முனையம் 2025 ஏப்ரலில் இயங்கத் தொடங்கியது. அது முழுமையடையும்போது ஆண்டுக்குச் சுமார் 32 லட்சம் டிஇயு (20 அடிக் கொள்கலன் ஒன்றை ஓர் அலகாகக் கொள்ளும் அளவு) கையாளக்கூடியது. இத்தகைய எண்ணை அப்படியே எடுத்து, ஒரு கொள்கலனுக்கான ஸ்கேனிங் (திறக்காமலே எக்ஸ்கதிரால் உள்ளே சோதிப்பது) கட்டணத்தால் பெருக்கி, அதை எதிர்கால வருவாய் என்று எழுதிவிடுவதுதான் முதல் தவறு. மற்றவை பெரும்பாலும் அதிலிருந்தே கிளைக்கின்றன.

கொழும்பு கையாளும் கொள்கலன்களில் ஏறத்தாழ 80 விழுக்காடு டிரான்ஷிப்மென்ட் வகையைச் சேர்ந்தவை. அவை ஒரு கப்பலிலிருந்து இறங்கி, யார்டில் சில நாள் கிடந்து, வேறொரு கப்பலில் ஏறிச் சென்றுவிடும். ஸ்கேனரோ பெரும்பாலும் உள்நாட்டுச் சரக்கு வெளியேறும் பாதையில்தான் நிற்கிறது.

இதே விகிதத்தில் 10 லட்சம் டிஇயு கூடுவதாக வைத்துக்கொண்டு ஒரு மாதிரிக் கணக்குப் போடலாம். அதில் 8 லட்சம் டிரான்ஷிப்மென்ட். இறக்கும்போது ஒரு முறையும் ஏற்றும்போது ஒரு முறையும் எண்ணப்படுவதால் உண்மைச் சரக்கு 4 லட்சம்தான், அதுவும் வாயிலைத் தொடாது. எஞ்சிய 2 லட்சத்தில் பாதி இறக்குமதி என்றால் 1 லட்சம் டிஇயு. ஆனால் 40 அடிப் பெட்டி ஒன்றே 2 டிஇயு. 20 அடியும் 40 அடியும் சரிபாதி என்றால் சுமார் 66,700 பெட்டிகள். இடர் அடிப்படையில் பத்தில் மூன்றைச் சுங்கம் தேர்ந்தெடுத்தால் ஏறத்தாழ 20,000 ஸ்கேன்கள். பத்து லட்சம் என்று தொடங்கிய கணக்கு வந்து நிற்குமிடம் இதுதான்.

அந்த 20,000-மும் புதிதாக வருபவை என்று எண்ணிவிடக் கூடாது. உள்நாட்டு இறக்குமதியைத் தீர்மானிப்பது நாட்டின் வாங்கும் சக்தியே தவிர, கப்பல்துறையின் நீளமன்று. இலங்கையின் இறக்குமதி 2021இல் சுமார் 2,060 கோடி டாலர். நெருக்கடிக்குப் பின் 2023இல் சுமார் 1,680 கோடி. அதே காலத்தில் துறைமுகம் கையாண்டது 72.5 லட்சம் டிஇயுவிலிருந்து 69.5 லட்சமாக மட்டுமே குறைந்தது. டாலர் மதிப்பும் பெட்டி எண்ணிக்கையும் ஒன்றல்லதான். ஆயினும் இரண்டும் வெவ்வேறு காரணங்களால் அசைகின்றன என்பது விளங்கும். புதிய முனையத்துக்குத் தனி ஸ்கேனரும் ஆட்களும் தேவைப்படும்போது, பழைய சரக்கே இரண்டு வாயில்களுக்குப் பிரிந்து, செலவு மட்டும் கூடிவிடவும் வாய்ப்புண்டு.

வருவாய் குறைகிறதே என்று டிரான்ஷிப்மென்ட் கொள்கலன்களுக்கும் கட்டணம் விதிப்பது இன்னும் ஆபத்தானது. கப்பல் நிறுவனம் சரக்கை மாற்றுமிடத்தைத் தேர்ந்தெடுக்கக் கூடியது. 2025 மே மாதம் முறைப்படி திறக்கப்பட்ட, கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகம் அருகிலேயே இருக்கிறது. போதாக்குறைக்கு, இறக்குமதி ஏற்றுமதிக் கட்டணங்கள் சேவையின் தோராயச் செலவைத் தாண்டி வரி ஈட்டும் கருவியாகக் கூடாது என்று பன்னாட்டு வணிகத்துக்கான காட் (GATT) ஒப்பந்தத்தின் 8ஆம் பிரிவும், கடந்து செல்லும் சரக்குக்கான கட்டணம் நியாயமானதாக இருக்க வேண்டும் என்று 5ஆம் பிரிவும் கூறுகின்றன.

எனவே ஸ்கேனர் ஒப்பந்தத்தில் குறைந்தபட்ச ஸ்கேன் எண்ணிக்கைக்கு உத்தரவாதம் கொடுக்குமுன், மொத்த டிஇயுவைக் கேட்காமல், கடந்த ஐந்தாண்டுகளில் வாயில் வழியே வெளியேறிய சரக்கேற்றிய இறக்குமதிப் பெட்டிகளின் எண்ணிக்கையையும், அவற்றில் ஸ்கேனுக்கு அனுப்பப்பட்டவற்றின் பங்கையும் சுங்கத்திடம் கேட்டுப் பெற வேண்டும்.